பாதி முடிந்த வேலையைக் காட்ட ஓர் இடம்: சுங்கை சிப்புட் சுற்றுவட்டார நிரலர்கள் பேச வாங்க

சிப்புட்_நிரலர் | வெள்ளி, இரவு 10.42

வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில்தான் இருக்கிறேன். அப்பா, அம்மா இரண்டு பேரும் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு வந்தோம். இப்போது வீட்டிலிருந்தே நிரல் எழுதிப் பிழைக்கிறேன்.

எட்டு மாதமாக இரவில் உட்கார்ந்து ஒரு செயலி செய்தேன். நாலு ஏக்கர், ஐந்து ஏக்கர் ரப்பர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கானது. அன்றைக்கு எத்தனை மரம் வெட்டினார்கள், எவ்வளவு கட்டிப்பால் (கோப்பையிலேயே உறைந்த ரப்பர் பால்) விற்றார்கள், கையில் எவ்வளவு காசு வந்தது, எல்லாம் அதில் இருக்கும். யாரிடமும் காட்டவில்லை. முழுதாக முடித்துவிட்டுக் காட்டலாம் என்ற நினைப்பு.

போன மாதம் பெரியப்பாவிடம் கொடுத்தேன். இன்றைக்கும் மரம் வெட்டுகிறவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு 40 கிலோ என்று தட்டினார், அன்றைய விலையைத் தட்டினார். திரையில் வந்த தொகையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு காசு எவன்டா குடுக்குறான்? தண்ணி எடைய எங்க கழிச்ச?" என்று கேட்டார்.

நான் கழிக்கவே இல்லை. கட்டிப்பாலை எடை போட்டதும், அதில் காய்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று வாங்குகிறவர் ஒரு கணக்குப் போடுவார். 50 விழுக்காடு என்றால் 40 கிலோவில் 20 கிலோவுக்குத்தான் காசு. பால்மரம் வெட்டியவர் வீட்டில் பிறந்தும் எனக்கு இது உறைக்கவில்லை. எடை என்ற ஒரே எண்ணை நம்பித்தான் அட்டவணை, மாதக் கூட்டல், அறிக்கை எல்லாவற்றையும் கட்டியிருந்தேன். தரவுத்தளத்தையே பிரித்துப் போட வேண்டியதாகிவிட்டது.

இரண்டாம் நாளே தாளில் கிறுக்கிய படத்தை அவர் முன்னால் வைத்திருந்தால், அந்த ஒரு கேள்வி அன்றைக்கே வந்திருக்கும். எட்டு மாதம் போயிருக்காது.

நம் பகுதியில் என்னைப் போல் தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். முடிந்ததைக் காட்ட ஆயிரம் இடம் இருக்கிறது. முடியாததைக் காட்டத்தான் இடமில்லை. தமிழிலேயே பேசிக்கொள்ளும் அப்படி ஓர் இடத்தை நாமே கட்டலாமா? எப்படிக் கட்டினால் நிற்கும்? மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

ஈப்போ_சர்வர் | வெள்ளி, இரவு 11.15

தம்பி, நல்ல எண்ணம். நான் கூட இருக்கேன். ஆனா ஒன்னு, புலனத்தில் (வாட்ஸ்அப்) மட்டும் ஆரம்பிக்காதீங்க.

நாங்க ஒரு தடவை அப்படித்தான் ஆரம்பிச்சோம். முதல் மாசம் நிரல், இரண்டாம் மாசம் வேலை விளம்பரம், அப்புறம் தீபாவளி வாழ்த்தும் காலை வணக்கமும். ஒருத்தர் ராத்திரி ஒரு மணிக்குப் பிழையைப் போட்டுக் கேட்பார். காலையில் நாம பார்க்கும்போது அது நூறு செய்திக்கு மேல போயிருக்கும். பதில் தெரிஞ்சவர் கண்ணில் படவே படாது. அதே கேள்வியை மூனு மாசம் கழிச்சு இன்னொருத்தர் கேட்பார். டிஸ்கார்டுங்கிற அரட்டைச் செயலியும் இந்த விஷயத்தில் அப்படித்தான். உள்ளே பேசினது கூகிள் தேடலில் வராது.

பாதி வேலைக்கு வேண்டியது நினைவு. மார்ச்சில் எப்படி இருந்தது, யார் என்ன சொன்னாங்க, ஜூனில் எப்படி மாறுச்சு, எல்லாம் ஒரே இழையில், அதாவது ஒரே தலைப்பின் கீழ் தொடரும் பதிவுகளா, கீழே கீழே இருக்கணும். ஒரு வேலைக்கு ஓர் இழை. அதை எழுதினவரே வளர்த்துக்கிட்டுப் போகட்டும்.

மென்பொருளைப் பத்திக் கவலைப்பட வேண்டாம். டிஸ்கோர்ஸ்ங்கிற கருத்துக்கள மென்பொருள் திறமூலம், 1 ஜிபி நினைவகம் உள்ள சின்ன சர்வரிலேயே ஸ்வாப் (வட்டில் ஒதுக்குற கூடுதல் நினைவகம்) போட்டு ஓட்டலாம். உண்மையான தலைவலி மின்னஞ்சல்தான். மின்னஞ்சல் நம்ம தளத்திலிருந்துதான் வருதுன்னு காட்டுற எஸ்பிஎஃப், டிகேஐஎம் அமைப்புகள் இரண்டையும் ஒழுங்காப் போடலைன்னா, கணக்கை உறுதிசெய்யும் மின்னஞ்சல் எல்லாம் குப்பைப் பெட்டிக்குப் போயிரும். உள்ளேயே வர முடியாதவன், இடம் செத்துப்போச்சுன்னு நினைச்சுத் திரும்பிருவான்.

கைப்பேசிக்காரன் | சனி, காலை 7.03

அண்ணா, நான் படிவம் 6 மாணவன். வீட்டில் கணினி இல்ல. கைப்பேசியில் டெர்மக்ஸ்ங்கிற கட்டளைச் செயலியைப் போட்டு பைத்தான் எழுதுறேன். டேட்டா முடிஞ்சா அடுத்த மாசம்தான்.

அதனால ஒரு வேண்டுகோள். நிரலை ஸ்கிரீன்ஷாட்டா எடுத்துப் போடாதீங்க, எழுத்தாவே போடுங்க. படம் டேட்டாவைத் தின்னுது, அதிலிருந்து ஒரு வரியைக் கூட வெட்டி ஒட்டிப் பார்க்க முடியாது. என் சின்னத் திரையில் பெரிய படத்தை இழுத்து இழுத்துப் படிக்கிறதுக்குள்ள கேள்வியே மறந்துருது.

இன்னொன்னு. மைன்கிராஃப்ட் விளையாட்டு தெரியும்தானே? 2009 மே மாசம் அதைச் செஞ்சவர் தனியா விளையாட்டு உருவாக்குறவங்க கூடுற ஓர் இணையதளத்தில்தான் முதன்முதல்ல போட்டாரு. ரொம்பக் கச்சாவான பதிப்பு. அங்க இருந்தவங்க விளையாடிப் பார்த்துச் சொல்லச் சொல்ல வளர்ந்துச்சு. அதைப் படிச்ச பிறகுதான் என்னோடதையும் காட்டலாமோன்னு ஆசை வந்துச்சு. ஆனா எங்க காட்டுறது? என் பள்ளியில் நிரல் எழுதுறவன் நான் ஒருத்தன்தான்.

பீடோர்_வடிவமைப்பு | சனி, காலை 9.30

நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசப் போறேன், கோவிச்சுக்காதீங்க.

இரண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கடைக்காக நான் செஞ்சுக்கிட்டிருந்த பில் போடும் நிரலின் திரைகளை ஒரு குழுவில் காட்டினேன். கருத்துக் கேட்கத்தான் காட்டினேன். ஆறு வாரத்தில் அதே அமைப்பு, அதே பொத்தான் வரிசை, நான் தப்பா எழுதின ஒரு சொல் உட்பட, இன்னொரு கடையில் ஓடிக்கிட்டிருந்துச்சு. வித்தவர் அந்தக் குழுவிலேயே இருந்தவர். கேட்டதுக்கு, "நீங்கதான் எல்லாருக்கும் போட்டீங்களே"ன்னு சொன்னார்.

இதுக்கு வழி சொல்லாம யாரையும் கூப்பிடாதீங்க. சம்பளத்துக்கு இருக்கிறவங்க பரவாயில்லை. எனக்கு அதுதான் சோறு.

ஈப்போ_சர்வர் | சனி, காலை 10.12

பீடோர் தம்பி சொல்வது நியாயம். அந்த ஆள் செஞ்சது திருட்டுத்தான். பொதுவில் போட்டா எல்லாருக்கும் சொந்தம் ஆயிடாது. பதிப்புரிமைச் சட்டம் 1987இன்படி நிரலுக்குப் பாதுகாப்பு உண்டு. அதைப் பெற முன்கூட்டிப் பதிவு செய்யணும்னு கட்டாயம் இல்லை. உரிமம் ஒன்னும் குறிப்பிடாத நிரலை எடுத்து விற்க யாருக்கும் உரிமை கிடையாது. கொடுக்க விரும்புறவங்கதான் எம்ஐடி, ஜிபிஎல்னு திறமூல உரிமத்தை எழுதி வைக்கிறாங்க.

எனக்குத் தோணுறது, ஒவ்வொரு இழையின் தலையிலும் உரிமம் என்னன்னு ஒரு வரி கட்டாயம் இருக்கணும். "பார்க்கலாம், எடுக்கக் கூடாது"ன்னு எழுதினாலும் சரி. தேதியோட எழுத்தில் நிக்கிற இழையே உங்களுக்குச் சாட்சி. புலனத்தில் அது கூட மிஞ்சாது.

மத்தபடி, சோறு போடுற வேலையை முழுசாக் காட்டத் தேவையில்லை. சிக்கின இடத்தை மட்டும் பிச்சு எடுத்து இருபது வரியில் காட்டுங்க. அப்படிப் பிச்சு எடுக்கும்போதே பாதி நேரம் பிழை எங்கன்னு நமக்கே தெரிஞ்சுரும்.

ஒரு எச்சரிக்கை, எல்லாருக்கும். கடவுச்சொல், வேற சேவைக்குள்ள போக உதவுற ரகசியச் சாவி எதையும் நிரலுக்குள்ள வச்சுப் போட்டுராதீங்க. நிரலின் மாற்றங்களைச் சேமிக்கிற கிட்டில் ஒரு தடவை ஏத்திட்டா, அடுத்த கமிட்டில் (அடுத்த சேமிப்பில்) அழிச்சாலும் பழைய வரலாற்றில் அப்படியே இருக்கும். தெரியாம ஏத்திட்டா உடனே சாவியையே மாத்துங்க.

டீச்சர்_பத்துகாஜா | சனி, மதியம் 2.48

வணக்கம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நிரல் ஓரளவுதான் தெரியும். எங்கள் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன்.

நீங்கள் யாரும் இன்னும் தொடாத விஷயம் ஒன்று இருக்கிறது: பதில் சொல்லும் முறை. முதல் பதிலில் ஒரு பிள்ளையின் முகம் வாடிவிட்டால் இரண்டாவது முறை அது கையைத் தூக்காது. இதை நான் வகுப்பில் தினமும் பார்க்கிறேன். பெரியவர்களும் அப்படித்தான். "இதெல்லாம் ஏன் இப்படி எழுதினீங்க?" என்று ஒருவர் கேட்டால் போதும். அதே சமயம் "நல்லாருக்கு, வாழ்த்துகள்" என்று பத்துப் பேர் போட்டாலும் அந்த வேலை ஓர் அடி நகராது.

ஆகவே, காட்டுகிறவர் ஒரே ஒரு கேள்வியோடு வர வேண்டும். "இதைப் பாருங்கள்" என்று மட்டும் எழுதாமல், "இந்தப் பொத்தானை எங்கே வைப்பது?" என்று கேட்க வேண்டும். பதில் சொல்கிறவர் முதலில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, பிறகு வேறு எதுவாக இருந்தாலும் சொல்லட்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் பழைய மாணவி ஒருத்தி மிக நன்றாக நிரல் எழுதுவாள். ஒரு குழுவில் ஒரு கேள்வி கேட்டாள். அன்று இரவே தனிச்செய்தியில் மூன்று பேர் அவளுடைய படம் கேட்டார்கள். அவள் குழுவை விட்டே போய்விட்டாள். புனைபெயரில் எழுதலாம் என்பதும், புதியவர்களுக்குத் தனிச்செய்தி வசதி பூட்டியிருக்கும் என்பதும், கண்காணிப்பவர்களில் பெண்களும் இருப்பார்கள் என்பதும் முதல் நாளிலிருந்தே வேண்டும். ஆள் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் அவர்கள் போயிருப்பார்கள்.

என் விளையாட்டிலும் ஒரு சிக்கல். சொல்லில் எத்தனை எழுத்தோ அத்தனை கட்டம் வர வேண்டும். "தமிழ்" என்றால் மூன்று கட்டம். கணினி ஐந்து கட்டம் போடுகிறது. மூன்று வாரமாக இப்படியே நிற்கிறது. சொல்லவே கூச்சமாக இருந்தது.

லயத்துப்பெண் | சனி, மதியம் 3.05

டீச்சர், கூச்சப்படாதீங்க. நிரல் எழுதுற எல்லாத் தமிழரும் ஒரு தடவையாவது இதில் விழுந்திருப்போம். கணினி எண்ணுறது எழுத்தை இல்ல, குறியீட்டுப் புள்ளியை, அதாவது எழுத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் யுனிகோடில் இருக்கிற எண்ணை. த, ம, இகரக் குறி, ழ, மெய்யெழுத்துப் புள்ளி, இதுதான் அந்த ஐந்து. ஜாவாஸ்கிரிப்ட்தானே? அதில் இன்டெல் செக்மென்டர்னு ஒன்னு உள்ளேயே இருக்கு, ஐ-என்-டி-எல் அப்படீன்னு வரும். அதைக் கூப்பிட்டு எழுத்துத் தொகுதி வாரியா பிரிக்கச் சொல்லுங்க. த, மி, ழ்னு மூனாக் கொடுக்கும்.

க்ஷ மட்டும் தனியாப் பார்க்கணும். அதை க், ஷ-ன்னு இரண்டாப் பிரிச்சுரும். உங்க பாடத்தில் அது ஓர் எழுத்துன்னா ஒரு வரி கூடுதலா எழுதி ஒட்ட வைங்க.

டீச்சர்_பத்துகாஜா | சனி, மாலை 4.31

வந்துவிட்டது! மூன்று கட்டம். "கொக்கு" மூன்று, "பள்ளிக்கூடம்" ஏழு. என் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். மிக்க நன்றி, தங்கச்சி. மூன்று வாரம் வீணாக்கிவிட்டேனே.

பழைய_மோடம் | சனி, இரவு 8.20

பிள்ளைகளே, எனக்கு அறுபது தாண்டிவிட்டது. இந்த இழையைப் படித்ததும் பழைய நினைவு.

1990களின் இறுதியில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியேற்றத்தில், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஒவ்வோர் அட்டவணையில், இருந்தன. நீங்கள் ஓர் எழுத்துருவில் எழுதி அனுப்பினால், அது இல்லாத என் கணினியில் வெறும் கிறுக்கல்தான் தெரியும். அதைத் தீர்க்கத்தான் தகுதரம் என்று நாம் சொல்லும் டிஸ்கி என்ற பொதுக் குறியேற்றம் உருவானது. எந்த அலுவலகமும் மூடிய அறையில் அதைச் செய்யவில்லை. தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா, அமெரிக்கா என்று எங்கெங்கோ இருந்தவர்கள் மின்னஞ்சல் குழுவில் அட்டவணையைப் போட்டு, அடித்து, திருத்தி, மறுபடி போட்டுச் செய்தார்கள். எந்த எழுத்துக்கு எந்த இடம் என்று கடுமையாக வாதாடினார்கள். நம் நாட்டிலிருந்து முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் அதில் முக்கியமானவர். தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தை 1998 பொங்கலன்று தொடங்கிய முனைவர் கல்யாணசுந்தரம் இன்னொருவர். நான் ஓரமாக இருந்து படித்தவன்தான். ஆனால் அந்த அரைகுறை அட்டவணைகளைப் படித்துத்தான் குறியேற்றம் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டேன். முடிந்த அட்டவணையை மட்டும் பார்த்திருந்தால், ஏன் அப்படி என்று இன்று வரை தெரிந்திருக்காது.

அதனால் ஈப்போ தம்பி சொன்ன பழையதைச் சேமித்தல் என்பதை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன். எழுதாமல் படிக்க மட்டும் வருகிறவர்களை இழிவாக எண்ணாதீர்கள். கதவை அவர்களுக்கும் திறந்தே வையுங்கள். உறுப்பினர் அல்லாதவரும் படிக்க முடிய வேண்டும்.

சிப்புட்_நிரலர் | சனி, இரவு 9.10

ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நன்றி.

எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. வாரத்தில் ஒரு நாள், வெள்ளி இரவு, எல்லாரும் இந்த வாரம் எதைத் தொட்டேன், எங்கே நிற்கிறேன் என்று இரண்டு வரி எழுதும் ஒரு பொது இழை வைக்கலாம். அதற்குப் "பெரட்டு" என்று பெயர் வைத்தால் என்ன? தோட்டத்தில் விடிகாலையில் எல்லாரும் வந்து நிற்பார்களே, அந்த மாதிரி.

லயத்துப்பெண் | சனி, இரவு 9.37

அண்ணா, அந்தப் பெயர் மட்டும் வேண்டாம்.

எங்கம்மா இருபத்திரண்டு வருஷம் பெரட்டுக்கு நின்னவங்க. விடியறதுக்கு முன்னாடி, தூங்குற என்னைத் தூக்கிட்டுப் போய் ஆயாக்கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) விட்டுட்டு ஓடுவாங்க. ஐந்து நிமிஷம் பிந்திப் போனா அன்னைக்கு வெட்ட மரவரிசை (நிரை) கிடையாது, திரும்பிப் போன்னு சொல்லிருவாங்க. திரும்பி வந்த நாளெல்லாம் அம்மா யார்கிட்டயும் பேச மாட்டாங்க. பெரட்டுன்னா கூப்பிட்ட குரலுக்கு நிக்கிறது. இங்க நாம அப்படி நிக்க வரலையே.

அம்மா சொல்ற இன்னொரு சொல் இருக்கு, ஒட்டுப்பால். நேத்து வெட்டின கோட்டில் வழிஞ்சு காஞ்சு ஒட்டிக்கிட்டிருக்குமே, அந்த நூல் மாதிரி. இன்னைக்கு வெட்டுறதுக்கு முன்னாடி அதை உரிச்சு எடுத்து இடுப்பில் கட்டின சாக்கில் போட்டுக்குவாங்க. மங்கில் (மரத்தில் பால் பிடிக்கிற கோப்பையில்) நிக்கிற பால் மாதிரி அழகா இருக்காது, மரப்பட்டையும் தூசியும் ஒட்டியிருக்கும். ஆனா அதுக்கும் எடை உண்டு, அதுக்கும் காசு உண்டு. அம்மா ஒரு துண்டைக் கூடக் கீழே விடமாட்டாங்க. என் பள்ளிச் சப்பாத்து ஒட்டுப்பால் காசில் வாங்கினதுதான்.

வெள்ளி இழைக்கு அந்தப் பெயரை வைங்க. யாரையும் பெயர் கூப்பிட்டு, ஏன் வரலைன்னு கேட்க வேண்டாம். இருக்கிறதை உரிச்சுக் கொண்டாந்து போடட்டும்.

சிப்புட்_நிரலர் | சனி, இரவு 9.52

தங்கச்சி, மன்னிக்கணும். என் அம்மாவும் பெரட்டுக்கு நின்றவர்தான். நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ஒட்டுப்பால். அதுவே இருக்கட்டும்.

பீடோர்_வடிவமைப்பு | ஞாயிறு, காலை 8.14

உரிம வரி கட்டாயம்னா நான் வரேன். காசு விஷயம் என்ன? ஒருத்தர் தலையில் கட்டாதீங்க. நான் முன்னாடி இருந்த இன்னொரு தளத்தில், நடத்தினவருக்கு வேலை மாறி, டொமைனை (தளத்தின் பெயரை) புதுப்பிக்க மறந்துட்டார். ஒரே நாளில் நாலு வருஷ எழுத்து போச்சு. சாவி அவர்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு.

ஈப்போ_சர்வர் | ஞாயிறு, காலை 8.50

மாசம் முப்பது வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) சின்ன சர்வர் கிடைக்கும். ஆறு பேர் ஆளுக்கு ஐந்து வெள்ளி. டொமைன் தனி, அதை ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிரலாம். சர்வர் சாவி, டொமைன் கணக்கு இரண்டும் மூனு பேர்கிட்ட இருக்கணும், அதில் ஒருத்தர் இந்த ஊரில் இல்லாதவரா இருக்கட்டும். தினமும் ராத்திரி எடுக்கிற காப்பு நகல் இன்னொரு இடத்துக்குப் போகணும். மாசம் ஒரு தடவை அந்தக் காப்பைத் திறந்து பார்க்கணும். திறந்து பார்க்காத காப்பு இருந்தும் ஒன்னுதான், இல்லாததும் ஒன்னுதான்.

பழைய_மோடம் | ஞாயிறு, காலை 9.33

ஐந்து வெள்ளி என்றதும் நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. தோட்டங்களை வெள்ளைக்காரர்கள் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். அந்தக் காலத்துத் தோட்டச் சம்பளத்தில் பத்து வெள்ளி சின்னக் காசு இல்லை. அந்தப் பணம் சேர்ந்துதான் தோட்டங்களையே வாங்கியது. என் அப்பாவின் பங்குப் பத்திரத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

என் பங்கு ஐந்து வெள்ளியோடு, கைப்பேசித் தம்பிக்கும் சேர்த்து இன்னோர் ஐந்தை எழுதிக்கொள்ளுங்கள். அவர் படிப்பை முடிக்கட்டும்.

கைப்பேசிக்காரன் | ஞாயிறு, காலை 10.01

தாத்தா, ரொம்ப நன்றி. காசு இல்லைன்னாலும் நான் வேலை செய்றேன். புதுசா வர்ற இழைக்கு ஒரு நாளுக்குள்ள யாரும் பதில் போடலைன்னா, பட்டியல் எடுத்து உங்க எல்லாருக்கும் அனுப்புற சின்ன நிரல் ஒன்னு எழுதட்டுமா? நான் வேற எங்கேயோ கேள்வி கேட்டுப் பதினொரு நாள் காத்திருந்தேன். தினமும் பத்துத் தடவை திறந்து பார்ப்பேன். அப்புறம் அந்தப் பக்கமே போகல.

டீச்சர்_பத்துகாஜா | ஞாயிறு, காலை 10.20

எழுதுங்கள், தம்பி. உடனே எழுதுங்கள். அந்தப் பட்டியலில் முதலில் பதில் போட நான் இருக்கிறேன். நிரலுக்குப் பதில் தெரியாவிட்டாலும், "படித்தேன், இந்த இடம் எனக்குப் புரியவில்லை" என்றாவது எழுதுவேன்.

சிப்புட்_நிரலர் | ஞாயிறு, இரவு 9.05

சர்வர் வந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று தள்ளிப்போட மனமில்லை. என்னுடையதை இங்கேயே போடுகிறேன்.

வேலை: சிறுதோட்டக்காரர் கணக்குச் செயலி. நிலை: தரவுத்தளத்தைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். பச்சை எடை, விழுக்காடு, காய்ந்த எடை மூன்றும் இப்போது தனித்தனி. மாத அறிக்கை இன்னும் உடைந்தே கிடக்கிறது. உரிமம்: பார்க்கலாம், எடுக்கக் கூடாது, இப்போதைக்கு.

ஒரே கேள்வி: மழை நாளில் வெட்டு இல்லை. அந்த நாளை 0 என்று பதிவதா, வெறுமையாக விடுவதா? 0 என்று போட்டால் மாத சராசரி விழுந்துவிடுகிறது. வெறுமையாக விட்டால் பெரியப்பா பதிய மறந்தாரா, மழையா என்று தெரியவில்லை.

லயத்துப்பெண் | ஞாயிறு, இரவு 9.48

அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். இரண்டு வகை போதாதாம், மூனு வேணுமாம். பதிய மறந்த நாள் ஒன்னு. மழையில் வெட்டவே போகாத நாள் ஒன்னு. வெட்டி முடிச்ச பிறகு மழை வந்து, மங்கில் இருந்த பாலெல்லாம் தண்ணியோட போன நாள் இன்னொன்னு. அன்னைக்கு உழைப்பு இருக்கு, பட்டையும் செலவாகியிருக்கு, காசுதான் இல்ல. "அந்த நாளை எழுத அந்தப் பையன் இடம் வச்சிருக்கானா?"ன்னு கேட்டாங்க.

சிப்புட்_நிரலர் | ஞாயிறு, இரவு 9.55

வைக்கவில்லை. இப்போது வைக்கிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள்.